எதிர் நாற்காலி

சாப்பிட்டு முடித்தவரை நாற்காலியிலிருந்து கிளப்புவதற்கு அம்பிகாவிடம் பல வழிகள் இருந்தன. முதலில் கேட்காமலே பில்லைக் கொண்டுவந்து தண்ணீர் டம்ளருக்கு அடியில் சொருகுவாள். அதற்கும் அசையாதவர்களுக்கு ஈரத்துணி. கைக்கு ஒரு விரல் தூரம் வரை மேஜையைத் துடைத்துக்கொண்டே போய், "கை எடுங்க சார்" என்பாள். அப்புறம் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி நிற்கும். அதன் பிறகும் உட்கார்ந்திருந்தால், வாசலில் காத்திருப்பவர்களில் பசி அதிகமான முகமாகப் பார்த்து ஒருவரை அழைத்துவந்து அந்த நாற்காலிக்குப் பின்னால் நிறுத்திவிடுவாள். பின்கழுத்தில் இன்னொருவருடைய மூச்சு பட்ட பிறகு எந்த மனிதரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை.

இஷ்தியாக் அகமது உட்கார்ந்தார்.

அறுபதை நெருங்கும் வயது. சலவை மடிப்புக் கலையாத வெள்ளை ஜிப்பா, கொஞ்சம் அத்தர் வாசனை. பகல் தொழுகை முடிந்ததும் ஒன்றரை மணிக்கு வருவார். அவருடைய மனைவி மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போயிருந்ததால் இரண்டு மாதமாக மதியச் சாப்பாடு இந்தக் கடையில்தான். எப்போதும் ஆறாம் மேஜை. சுவரோரம், எதிரும் புதிருமாக இரண்டே நாற்காலிகள் போட்ட சின்ன மேஜை அது. அவர் சாப்பிடுவதென்னவோ கால் மணி நேரம்தான். பிறகு தட்டில் ஒரு பிடி சோற்றை ஒதுக்கி வைத்துக்கொண்டு, அதை விரல்களால் தள்ளிக்கொண்டும் கூட்டிக்கொண்டும் உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரம். சில நாள் அதற்கும் மேல்.

ஆம்பூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய அந்தப் பிரியாணிக் கடையில் பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை ஒரு நாற்காலி காலியாவதற்குள் அதைப் பிடிக்க மூன்று பேர் நிற்பார்கள். முதலாளி உமர் ஃபாரூக்குக்கு முப்பத்து நான்கு வயது. தகப்பனாரிடமிருந்து கடை கைக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, எந்த மேஜையில் எவர் எத்தனை நிமிடம் உட்கார்ந்திருக்கிறார் என்று போனில் காட்டும் ஏற்பாடு. ஆர்டர் எழுதிய நிமிடத்தில் அந்த மேஜையின் எண் பச்சையாகும். நாற்பது நிமிடம் தாண்டினால் சிவப்பாகும். பில் அடைத்தால்தான் அணையும்.

"மூணு மாசம் பாருங்கக்கா. சராசரி முப்பது நிமிஷத்துக்குள்ள வந்துடுச்சுன்னா ஹால் உங்களோடது. வரலன்னா ஷபீ பாய்கிட்ட குடுத்துடறேன்" என்று அம்பிகாவிடம் சொல்லியிருந்தார்.

அவளுக்கு இந்த வேலை வேண்டும். ஷூ கம்பெனியில் பதினான்கு வருடம் மேல்தோல் தைக்கிற வரிசையில் இருந்தவள் அவள். கணவன் ராஜேஷ் இரண்டு வருடத்துக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனான். காலை பதினோரு மணிக்கு ஒருமுறை, மாலை நாலு மணிக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகில் புண் வரும். ஒரு தடவை வந்து, பெரும்பாடு பட்டுத்தான் ஆறியது. கம்பெனியில் கழிவறைக்குப் போவதற்கே நிமிடம் எண்ணுவார்கள். வீட்டுக்கு யார் விடுவார்கள்? இந்தக் கடையிலிருந்து வீடு ஐந்து நிமிட நடை. இப்படி ஒரு வேலை ஆம்பூரில் இன்னொன்று அவளுக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆகவே அவளைக் கல்நெஞ்சக்காரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. பயந்துபோன மனுஷி. பயம் இருக்கிற இடத்தில் இரக்கம் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளும்.

"பாய், சாப்டாச்சா?" என்று முதல் வாரத்திலேயே கேட்டாள்.

"சாப்ட்டுக்கிட்டு இருக்கேன்மா."

"அந்த ஒரு பிடி சோத்த அரை மணி நேரமா சாப்பிடறீங்க."

"எண்ணிக்கிட்டு இருக்கீங்களா? நல்லது. நானும் எண்ணுறேன். நீங்க இந்த மேஜைய நாலு தரம் தொடச்சிட்டீங்க. இன்னும் ரெண்டு தரம் தொடச்சா கல்லு தேஞ்சிடும்."

எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சிரிப்பில் புரையேறியது. அவர் தலையைத் தட்டிக்கொள்ள, இஷ்தியாக் அகமது தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி, "மெதுவா சாப்பிடுங்க, அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். அவசரம் ஒன்றுமில்லை என்று அவர் வேண்டுமென்றே தன் காதில் விழச் சொன்னதாக அம்பிகாவுக்குத் தோன்றியது. அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் இறங்கவில்லை.

மின்விசிறியை நிறுத்திப் பார்த்தாள். அவர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, எதிரில் இருந்தவரைக் காட்டி, "எனக்குப் பழக்கம்மா. பாவம், இவர் இன்னா பண்ணாரு? இவருக்காகவாவது போடச் சொல்லுங்க" என்றார். போட வேண்டியதாயிற்று.

"இன்னா மேடம், ஆறு செவந்துடுச்சா?" என்று தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்பார் ஷபீ அஹமது. பதினோரு வருடமாக அங்கே பரிமாறுகிறவர். ஹால் பொறுப்பு தனக்கு வரும் என்று அவர் வீட்டில் சொல்லி, வீட்டார் உறவில் சொல்லி, கடைசியில் அது ஷூ கம்பெனியிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் போய்விட்டது. அவர் 'மேடம்' என்று சொல்லும்போது அந்த வார்த்தைக்குள் ஒரு ஊசி இருக்கும்.

"உங்க வேலயப் பாருங்க பாய்."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். எல்லாத்தையும்."

அம்பிகா வேறொரு வழி பிடித்தாள். அந்த மேஜையில் அவருக்கு எதிரே ஓயாமல் ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். எதிரே இருப்பவர் கை கழுவ எழுந்ததும், நாற்காலிச் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர். பேசிக்கொண்டே இருப்பவர், சத்தமாக எலும்பு கடிப்பவர், சளி பிடித்து மூக்கை உறிஞ்சுபவர் என்று தேடித் தேடி உட்கார வைத்தாள். தொல்லை தாங்காமல் மனிதர் எழுந்துவிடுவார் என்பது அவள் கணக்கு. ஆனால் அன்றிலிருந்து அவர் இருப்பு இன்னும் நீண்டது. ஐம்பது நிமிடம் எழுபதாயிற்று, எழுபது தொண்ணூறாயிற்று. அவள் எத்தனைக்கெத்தனை முயன்றாளோ அத்தனைக்கத்தனை அவர் உட்கார்ந்தார். பழிக்குப் பழி என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

மூன்று மாதத்தின் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. உமர் ஃபாரூக் அன்று தானே கல்லாவில் வந்து உட்கார்ந்தார். "சராசரி முப்பதுக்கு ஒரு நூல் மேல நிக்குதுக்கா. இன்னிக்கு நல்லா ஓடிச்சின்னா முப்பதுக்குள்ள வந்துடும். ஆறாம் டேபிள மட்டும் பாத்துக்குங்க" என்றார்.

இஷ்தியாக் அகமது அன்றைக்கு வழக்கத்தை விடச் சீக்கிரம் வந்தார். கையில் ஒரு தோல்பை இருந்தது. அதை நாற்காலிக் காலில் சாய்த்து வைத்துவிட்டு, "ஷபீ, இன்னிக்கு சுருக்கக் குடு. மூணேகால் ரயில்ல பெங்களூர் போறேன். நாளைக் காலையில பேத்திக்குப் பேர் வைக்கிறாங்க" என்று சொன்னது அம்பிகாவின் காதிலும் விழுந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஆனாலும் மூன்று மாதப் பழக்கம் கையை விடவில்லை. கூட்டம் நெருக்கியது, எதிர் நாற்காலியில் ஒரு வங்கிக்காரரை உட்கார வைத்தாள். அவர் எழுந்ததும் ஒரு மருந்துப் பிரதிநிதி. மணி இரண்டேகால் ஆனது. தட்டில் அதே ஒரு பிடி சோறு. ஆறாம் எண் சிவந்துவிட்டது. கல்லாவிலிருந்து உமர் ஃபாரூக் போனைத் தூக்கிக் காட்டினார்.

ரயிலுக்குப் போகிற மனிதர் ஏன் எழவில்லை? இன்றைக்கு என் கடைசி நாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், என் வேலையைப் பிடுங்காமல் போவதில்லை என்று உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள். ஷபீயை ஒரு பார்வை பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் வெளியே பார்சல் ஜன்னலில் வேலாயுதம் நின்றிருப்பதைக் கண்டாள்.

தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்க்கிற மனிதர். வெந்துபோன மாதிரி வெளுத்த கைகள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பச்சைத் தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்த நாற்றம் அவர் வருவதற்கு முன்னால் வந்து, அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த வேலை பார்க்கிறவர்கள் யாரும் உள்ளே வந்து உட்காருவதில்லை. அப்படி ஒரு விதியை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் வாசலில் கால் வைத்தால், "அண்ணே, பார்சல் அந்தப் பக்கம்" என்று யாராவது சொல்வார்கள். மூன்று மாதமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தவள் அம்பிகாதான்.

அவள் வெளியே போனாள். "அண்ணா, பார்சலா?"

"ஆமாம்மா. பாய்லரு ரிப்பேரு, மத்தியானம் லீவு வுட்டாங்க. ஒரு பிரியாணி கட்டச் சொல்லு."

"எதுக்குக் கட்டிக்கிட்டு? உள்ள வந்து உக்காந்து சாப்பிடுங்க."

வேலாயுதம் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ அழைக்கிறாள் என்று. "நானா?"

"நீங்கதான். வாங்க."

"வேணாம் தங்கச்சி. எம்மேல வாடை அடிக்குது."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல, வாங்கண்ணா."

அவர் முகம் மலர்ந்ததை அவள் பார்க்காமல் முன்னால் நடந்தாள். பார்த்திருந்தால் ஒருவேளை நின்றிருப்பாள். அவளுடைய அப்பாவும் தொட்டி வேலைதான் பார்த்தார். அவள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாளில் உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே நின்று கைதட்டியவர். கடவுள் மனிதரைச் சோதிக்கப் பெரிய இடங்களைத் தேடிப் போவதில்லை. பிரியாணிக் கடையில் ஒரு நாற்காலியே போதும் அவருக்கு.

சலவை ஜிப்பாவும் அத்தருமாக இருக்கிற இந்த மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார் என்று அவள் நம்பினாள். ஆம்பூரில் அப்படி உடுத்துகிற ஒருவர் எந்தத் தொழிலில் சம்பாதித்து உடுத்துவார் என்று நினைத்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

அவள் வேலாயுதத்தோடு மேஜைக்கு வந்து சேர்ந்தபோது மருந்துப் பிரதிநிதி கை கழுவப் போயிருந்தார். இஷ்தியாக் அகமது எழுந்து நின்றிருந்தார். தோல்பை கையில் இருந்தது. ஒரு கால் வெளியே வைத்தாயிற்று.

அவர் வேலாயுதத்தைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். அம்பிகாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, "வாங்க, உக்காருங்க" என்றார்.

அம்பிகா அப்படியே நின்றாள். எழுந்த மனிதர் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நாளாக எழாத மனிதர் என்றுதானே நினைத்திருந்தாள்? எழுந்தவர் ஏன் உட்கார்ந்தார்?

ஐந்தாம் மேஜையில் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். "இன்னாங்க இது, சோறு துன்ன வந்த எடத்துல" என்று புருஷன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். வேலாயுதம் பாதி உட்கார்ந்தவர் அப்படியே நின்றார்.

"எந்த டேனரி?" என்றார் இஷ்தியாக் அகமது, அந்தப் பேச்சே காதில் விழாதவர் போல.

வேலாயுதம் பேரைச் சொன்னார்.

"அங்க ஆட்டுத் தோல்தானே ஜாஸ்தி? நான் வாணியம்பாடியில முப்பது வருஷம் தோல் ரகம் பிரிச்சவன். இந்த வாசனையிலதான் எங்க வீட்டு அடுப்பு எரிஞ்சது. உக்காருங்க. ஷபீ, இவருக்கு சூடா கொண்டா."

வேலாயுதம் உட்கார்ந்தார். ஐந்தாம் மேஜைக் குடும்பம் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தது.

அம்பிகா சமையலறைப் பக்கம் போனாள். ஷபீ பின்னாலேயே வந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க."

"சொல்லுங்க."

"எங்க வீடுங்கள்ல தரையில தஸ்தர்கான் துணிய விரிச்சு எல்லாரும் சேந்து உக்காந்து சாப்பிட்டா, கூட இருக்கிறவர் முடிக்காம எழுந்திரிக்க மாட்டோம். நாம மொதல்ல எழுந்துட்டா அவனுக்கு வெக்கமாயிடும். அரை வயித்தோட கைய எடுத்துடுவான். அதனால பெரியவங்க ஒரு பிடி சோத்த வெச்சுக்கிட்டுத் தடவிக்கிட்டே இருப்பாங்க, நானும் சாப்பிடறேன்னு காட்டறதுக்கு. கடையில வந்து யாரும் அதப் பாக்கறதில்ல. இவர் பாக்கறார். ஒருத்தன் வந்து உக்காரும்போது எழுந்து போனாலும் தப்பு, அவனைப் பாத்து எழுந்த மாதிரி ஆயிடும்னுவார். நீங்க எதிர்ல ஆள உக்கார வெக்க வெக்க அவர் எப்படி எழுந்திரிப்பார்?"

"அவரே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்வார்? உனக்காகத்தான் உக்காந்திருக்கேன்னு எதிர்ல சாப்பிடறவன் காதுல விழுந்தா அவனுக்குச் சோறு எறங்குமா?"

"உங்களுக்குத் தெரியுமே. நீங்க ஏன் சொல்லல?"

"நீங்க என்னிக்காவது என்னைக் கேட்டீங்களா? வந்த நாள்லருந்து அது எடு, இது எடு, சுருக்க நடன்னு தானே சொன்னீங்க? அதோட நீங்க தோத்தா ஹால் எனக்கு. நான் எதுக்குச் சொல்லணும்?"

"இப்ப மட்டும் எதுக்கு?"

ஷபீ தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். "அந்த ஆளை நீங்க எதுக்காக உள்ள கூப்பிட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அது நல்லா இல்ல மேடம்."

அவளை யாராவது அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பதில் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் உமர் ஃபாரூக் அங்கேயே வந்துவிட்டார்.

"அக்கா, அவரை யார் உள்ள விட்டது?"

"நான்தான் சார்."

"அஞ்சாம் டேபிள் எழுந்து போய்ட்டாங்க. வாசல்ல நிக்கிறவங்க மூக்கைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. மிச்சத்தக் கட்டிக் குடுத்து அனுப்புங்க. மரியாதையாவே சொல்லுங்க, ஆனா சொல்லுங்க. அவர் போனா பேச்சுத் துணை இல்லாம பாயும் எழுந்துடுவார். ரெண்டு பில்லும் முடிஞ்சிடும், உங்க நம்பரும் வந்துடும். இன்னிக்கே லெட்டர் குடுத்துடறேன்."

இதைவிடச் சுலபமாக ஒரு வேலை யாருக்கும் நிரந்தரமானதில்லை. அவள் ஒரு பார்சல் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆறாம் மேஜைக்குப் போனாள்.

வேலாயுதம் நிமிர்ந்து பார்த்தார். மீசையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. "தங்கச்சி, இருபத்தாறு வருஷமா இந்தக் கடைச் சோத்தப் பொட்டலமாவே துன்னுக்கினு இருக்கறேன். டேனரி கேட்டாண்ட உக்காந்து பிரிக்கறதுக்குள்ள ஆறிப்பூடும். தட்டுல போட்டா ருசியே வேற மாதிரி இருக்குதே. நீ கூப்ட்டதாலதான் வந்தேன். இல்லன்னா எனக்கு ஏது தைரியம்?"

அம்பிகா டப்பாவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் கத்திரிக்கா கெடைக்குமா?" என்றார் அவர், கூச்சத்தோடு.

"கொண்டாரச் சொல்றேன்ணா."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு நாற்பத்தைந்து. இஷ்தியாக் அகமதின் கண் அதன் மேல் போய்த் திரும்பியது. விரல்கள் அந்த ஒரு பிடி சோற்றை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளின. வேலாயுதத்தின் தட்டிலோ பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"பாய், ரயிலுக்கு நேரமாகுதே."

"அது என் கவலைம்மா" என்றார் அவர், தலை நிமிராமல். குரலில் கத்தி இருந்தது.

காலியாகக் கிடந்த ஐந்தாம் மேஜையிலிருந்து அம்பிகா ஒரு நாற்காலியை இழுத்தாள். தரையில் அது கிறீச்சிட்டது. கடையே திரும்பிப் பார்த்தது. ஆறாம் மேஜையின் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தாள். "ஷபீ பாய், எனக்கு ஒரு தட்டு. அண்ணனுக்குக் கத்திரிக்கா."

ஷபீ அசையாமல் நின்றார்.

"நான் இன்னும் சாப்பிடல. இவரோட சேந்து சாப்பிடறேன். நீங்க கெளம்புங்க பாய்" என்றாள் அம்பிகா.

இஷ்தியாக் அகமது அவளை முதல்முறையாக முழுசாகப் பார்த்தார். "சாப்பிடுவீங்களா? இல்ல, சும்மா உக்காருவீங்களா?"

"சாப்பிடத்தான் உக்காந்தேன்."

தட்டு வந்தது. அவள் பிசைந்து ஒரு வாய் போடும்வரை அவர் நம்பாமல் காத்திருந்தார். அவள் விழுங்கிய பிறகு, ஒதுக்கி வைத்திருந்த அந்தச் சோற்றை ஒரே வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். வேலாயுதத்திடம், "ரயிலுக்கு நேரமாச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. இவங்க இருக்காங்க" என்றார். கை கழுவி, கல்லாவில் பில்லைக் கொடுத்துவிட்டு, தோல்பையை எடுக்கத் திரும்பி வந்தார்.

"ரயில் கெடச்சா உங்களுக்காக துவா செய்வேம்மா" என்றார் அம்பிகாவிடம். "கெடைக்கலன்னா அப்பவும் செய்வேன். வேற மாதிரி."

போய்விட்டார்.

தன் நாற்காலிக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது அம்பிகாவுக்குத் தெரிந்தது. பின்கழுத்து கூசியது. அது இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"எழுந்திரிங்கக்கா" என்றார் உமர் ஃபாரூக், தாழ்ந்த குரலில்.

"இவர் முடிக்கட்டும் சார்."

"நான் உங்ககிட்ட இன்னா சொன்னேன்?"

"வாயில சோறு இருக்குது சார். முடிச்சிட்டு வர்றேன். அப்புறம் இன்னா வேணாலும் சொல்லுங்க."

வேலாயுதம் கையை உதறிக்கொண்டு எழப் போனார். "என்னாலயாம்மா? எனக்குப் போதும். வயிறு ரொம்பிடுச்சு." தட்டில் இறைச்சித் துண்டு தொடாமல் கிடந்தது. கடைசியில் சாப்பிட அவர் அதை ஓரமாக வைத்திருந்தார்.

அந்த நேரத்தில் ஷபீ இருவருக்கும் நடுவில் கையை நீட்டி, வேலாயுதத்தின் தட்டில் ஒரு கரண்டி கத்திரிக்காயும் ஒரு கரண்டி சூடான சோறும் வைத்தார். "கேட்டீங்களேண்ணே. எங்க போறீங்க? உக்காருங்க." கேட்டதைக் கொண்டுவந்து வைத்த பிறகு எப்படி எழுவது? வேலாயுதம் உட்கார்ந்தார். ஷபீ கரண்டியை வைத்துவிட்டு முதலாளியின் பக்கம் போய் நின்றார். அவர் பேசியது அம்பிகாவுக்குப் பாதிதான் கேட்டது.

"பாய், ஆறாம் டேபிள் செவந்ததுக்கெல்லாம் அவங்க காரணமில்ல. அவர் ஏன் உக்காந்திருக்கார்னு எனக்கு மொத நாளே தெரியும். வேணும்னே சொல்லல. அந்த டேபிளைக் கழிச்சிட்டுப் பாருங்க."

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்து..."

"உங்க வாப்பா இருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அவர் யாரையும் எழுப்பினதில்ல."

உமர் ஃபாரூக்கின் தாடை இறுகியது. தகப்பனாரைப் பற்றிய பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனால் எதிரில் ஒரு மனிதர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடுகிறவன் முன்னால் குரலை உயர்த்த அந்த வீட்டுப் பிள்ளையாலும் முடியவில்லை. போனைப் பார்த்தார். விரலால் எதையோ தள்ளினார். மறுபடி பார்த்தார்.

"இருபத்தொம்போதே முக்கா வருது" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "ஆனா அத நான் ஒத்துக்கலை. கஸ்டமர் டேபிள்ல ஸ்டாஃப் உக்கார்றது எந்த ஊர் வழக்கம்? லெட்டர் கெடையாது. இன்னும் ஒரு மாசம். ரெண்டு பேரும் சேந்து பாருங்க. அப்பவும் செவந்திச்சின்னா ரெண்டு பேரையும் அனுப்பிட்டு நானே நிப்பேன்." கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

வேலாயுதம் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். அம்பிகாவின் தட்டு எப்போதோ காலியாகியிருந்தது. கை காய்ந்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வாசலில் நின்றவர்கள் அவளைப் பார்த்து முணுமுணுத்தார்கள், "சாப்ட்டாச்சில்ல, எழுந்திரிக்கிறதுக்கு இன்னா?" என்று ஒருவன் சத்தமாகவே கேட்டான். அவள் திரும்பவில்லை. அப்பா கேட்டுக்கு வெளியே நின்றபோது தானும் திரும்பிப் பார்க்காமல்தானே உள்ளே போனோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. ஆண்டவனே என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"போய்ட்டு வர்றேன் தங்கச்சி" என்று வேலாயுதம் எழுந்தார். "அடுத்த வாரமும் உள்ள வரலாமா?"

"வாங்கண்ணா."

"குளிச்சிட்டு வர்றேன்."

"எப்படி வேணாலும் வாங்க."

அவர் போன பிறகு அம்பிகா மேஜையைத் துடைத்தாள். ஷபீ டம்ளர்களை எடுக்க வந்தார்.

"ஏன் பாய் சொன்னீங்க? சும்மா இருந்திருந்தா வேலை உங்களுக்கு வந்திருக்குமே."

"உங்களுக்காகச் சொல்லல." அவர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டார். "பதினோரு வருஷமா 'அண்ணே, பார்சல் அந்தப் பக்கம்'னு நானும்தான் அவர்கிட்ட சொல்லியிருக்கேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி யார் சொன்னதுன்னு நெனச்சீங்க?"

வாசலிலிருந்து இரண்டு பேர் உள்ளே வந்து அந்த மேஜையில் உட்கார்ந்தார்கள். மணி மூன்றரை தாண்டியிருந்தது. நாலு மணிக்கு ராஜேஷைப் புரட்ட வேண்டும். கூட்டம் இன்னும் வடியவில்லை.

ஷபீ தட்டோடு நடந்தவர் நின்றார். திரும்பாமலே பேசினார். "நாலு மணிக்கு நீங்க கெளம்புங்க. ஹாலை நான் பாத்துக்கறேன்."

"கால் மணி நேரத்துல வந்துடுவேன்."

"எவ்ளோ நேரம்னு நான் கேக்கலியே" என்று எரிச்சலாகச் சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குள் போனார்.